துளசிமணி நெபுலா

டீ டம்ளர் தானாக மேசைமேல் முளைத்தது. அதை வைத்த கை ஈஸ்வரமூர்த்தியின் கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் போட்டிருந்தது தேக்குவிழி ஆயிற்றே!

பொள்ளாச்சியில் அதைப் பொருத்திக்கொள்ளாத ஆளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. பிறவிக் கண் ஒளியை வாங்கியதும் விட்டுவிடும். தேக்குவிழி என்ற செயற்கைக் கண்ணோ அதை மணிக்கணக்கில் தேக்கி வைக்கும். அசையாதது மெல்ல மெல்லத் துலங்கும். அசைவதைக் குப்பை என்று தள்ளிவிடும். கடைவீதியில் ஒரு ஈ காக்கை தெரியாது, அடடா, என்ன நிம்மதி! வண்டி இடிக்க வந்தால் காதுக்குள் மணி அடிக்கும். காதுமடலை அழுத்தினால் பழைய பார்வை திரும்பும்தான். எவன் அழுத்தினான்?

ஈஸ்வரமூர்த்தி மொட்டைமாடியே கதி என்று கிடந்தார். மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் யாருமே படம் எடுக்காத ஒரு நெபுலா இருந்தது. ஹைட்ரஜன் வாயு தானே ஒளிவிட்டுச் சிவந்திருக்கும் மேகம். அவ்வளவு மங்கல். பல இரவுகளின் ஒளியை விழிக்குள் கலையாமல் தேக்கினால்தான் படமாக விழும். முதலில் எடுப்பவருக்கே பேர் வைக்கும் உரிமை.

அவர் மனைவி துளசிமணிக்குப் பிறவிக் கண்தான்.

"ஏனுங்க, ஒருக்கா அதைய அணைச்சுப்போட்டு என்னையப் பாருங்க."

"இப்பப் போயா? சேத்தது பூராக் கலைஞ்சு போயிரும் கண்ணு. அதுக்கு உம்பேருதான் வெக்கப் போறேன்."

"என்ற மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு? பேரு ஒண்ணுதான் கொறைச்சலாக்கும்!"

அவர் சிரித்தார். அவள் சிரித்தாளா என்று அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "நான் எங்கக்கா ஊட்டுக்குப் போறனுங்க. இனி வரமாட்டேன்."

"சித்தெ இரு, முடியப் போகுது."

சிலைபோல நின்றிருந்தால் அவளும் துலங்கியிருப்பாள். அழுகிறவள் எங்கே அசையாமல் நிற்பது? மறுநாள் காலையில் டம்ளர் முளைக்கவில்லை.

படம் பரிசு வாங்கியது. குறுக்கே எதுவுமே வராத சுத்தமான வானம் என்று நடுவர்கள் புகழ்ந்தார்கள். அவள் நின்றதற்கு ஒரு நிழலாவது இருக்காதா என்று அவர் படத்தைத் துழாவினார். பாவி மனுஷனுக்கு ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை.

பரிசு விழாவில் பேரைக் கூப்பிட்டதும் கையை ஆட்டிக்கொண்டு மேடை ஏறினார். அரங்கம் முழுக்கத் தேக்குவிழி. எல்லோரும் மேடையில் மாட்டியிருந்த சிவப்பு மேகத்தைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள்.

"என்னங்க, ஆள் வரலியா?" என்றார் விழாத் தலைவர்.

"இங்கதானுங்க இருக்கறேன்!"

"அப்படியா? அசையாம நில்லுங்க சார், தெரிவீங்க."

நிற்கத்தான் பார்த்தார். துளசியாக இருந்தால் இந்நேரம் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது, நிறுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கேடயத்தை மேசைமேல் வைத்து, அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். கேடயம் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது.