உள்பக்கம் மடித்த வலை

பந்து விழுந்த இடத்துக்கு நாய்கள் போகவில்லை. எறிந்த செருப்பைக்கூட விடாமல் துரத்திப் பிடிக்கிற ரகம் இரண்டும். மிளகு கறுப்பு, ஒல்லி, ஓயாத வாய். மூட்டை பெயருக்கேற்ற உடம்பு. சோற்றுத் தட்டு, எறிந்த பொருள் இரண்டையும் தவிர வேறு எதற்கும் அவசரப்படாது. ஆனாலும் கொல்லையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் பந்து போய் நின்றதும் இரண்டும் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டன. காதுகள் பின்னால் மடிந்தன. "பெரிய வீட்டுப் பிள்ளைங்க, குனிஞ்சு எடுக்க மாட்டீங்களோ?" என்று திட்டிக்கொண்டே அவள்தான் போய் எடுத்தாள். அங்கே புல் நனைந்திருந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. தொட்டி கசிகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்ததே நாய்களுக்காகத்தான். இத்தனை பெரிய கொல்லை வேறெங்கும் கிடைக்கவில்லை. வீட்டு ஓனர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: நாய்கள் கொல்லையோடு நிற்க வேண்டும், வீட்டுக்குள் ஏறக்கூடாது. வரும்போது நாய்கள் மூன்று. மூத்தது பொட்டு. குடிவந்த வாரத்திலேயே ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில், அது வேலிக்கு அடியில் தோண்டி வெளியே போய் ரோட்டில் பாய்ந்தது. தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. தையல் கடையில் வேலை முடிந்து வந்தவள், ரோட்டோரம் சாக்கு போட்டு மூடியிருந்ததைத்தான் பார்த்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக இருந்தது அது. "நாய்தானே" என்று ஆறுதல் சொன்ன கடைக்கார அண்ணனோடு அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மிச்சம் இரண்டும் அதைப் பார்த்தும் திருந்தவில்லை. தினமும் சாயங்காலம் கொல்லை காலியாகிவிடும். விடிந்தால் ஒன்றும் தெரியாததுபோல வாசலில் நிற்கும். எங்கேதான் போகின்றன என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டாள்.

"ஊர் சுத்தப் போறதில்லம்மா. ரோட்ட தாண்டி நேரா எங்க வாசல்ல வந்து உக்காந்துக்குது. உங்க வீட்டையே பாத்துக்கிட்டு. சோறு வெச்சாலும் திரும்ப மாட்டேங்குது."

"காவல் காக்குதுங்க போலக்கா."

"காவல்னா வீட்டுலல்ல இருக்கணும்? ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன காவல்?" என்று அக்கா சிரித்தாள். அவளும் கூடச் சிரித்தாள்.

செல்போன் டவர் ஏறும் வேலைக்கு வெளியூர் போயிருந்த கணவன் இதைப் போனில் கேட்டதும் கத்தினான். "ரோட்ட தாண்டுதா? பொட்டு போனது பத்தாதா? வேலிய நல்லா அடைச்சுத் தொலை. இன்னொண்ண குழியில வெக்க என்னால ஆகாது."

"நான் அடைக்கிற அடைப்புல எறும்புகூட வெளிய போகாது. வந்து பாருங்க."

சொன்னபடியே அடைத்தாள். ஆள் வைத்து, பழைய கம்பிவேலியைப் பிடுங்கிவிட்டு, தலைக்கு மேல் உயரத்துக்குத் தகரம் அடித்தாள். மீதி அவள் கைவேலை. நாய் தோண்டுவது வேலியை ஒட்டித்தான் என்பதால் தகரத்தின் அடியில் கம்பிவலையைக் கட்டி, முழங்கை ஆழத்துக்கு இறக்கி, பாவாடைக்கு ஓரம் அடிப்பதுபோல உள்பக்கமாக மடித்துப் புதைத்து மிதித்தாள். மடிப்பு உள்பக்கம் இருந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே போகாது. மேலே கம்பி இழுத்து அதில் பிளாஸ்டிக் குழாய்களைக் கோத்துவிட்டாள். தாவிப் பிடித்தால் குழாய் உருளும், பிடி வழுக்கும். பக்கக் கதவின் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்க மிளகு பழகியிருந்தது. அதைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினாள். இனி கொல்லைக்குப் போக வரச் சமையலறைக் கதவு ஒன்றுதான்.

வேலை நடந்த நாளெல்லாம் நாய்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தன. கடைசி முடிச்சைப் போடும்போது மிளகு வந்து அவள் சட்டைக் கையைப் பல்லால் மெல்லப் பிடித்து இழுத்தது. கடிக்கவில்லை. இழுத்தது. "போடா, உன் சேட்டையெல்லாம் இனிமே நடக்காது" என்று தலையில் ஒரு செல்லத் தட்டு தட்டினாள்.

வேலை முடிந்த அன்று கடைக்கு லீவு போட்டாள். வீட்டிலிருந்த போர்வை, விரிப்பு, கணவனின் சட்டை எல்லாவற்றையும் மத்தியானத்துக்கு மேல் துவைத்து, கொல்லையின் குறுக்கே கட்டிய கொடியில் காயப்போட்டாள். வெயில் இறங்கியதும் இரண்டு தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, போர்வைகளை விலக்கி, நாய்கள் படுத்திருந்த கடைக்கோடி மூலைக்குப் போனாள். மனசு நிறைந்திருந்தது. குடிவந்ததிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அவள் கொல்லையில் நிற்பது அதுதான் முதல் தடவை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எப்போதும் கடையிலோ அடுப்படியிலோ இருப்பாள்.

மூட்டை சோற்றைத் தொடவில்லை. தட்டை அதன் மூக்குக்கு நேராகத் தள்ளினாள். அது முதுகைத் தகரத்தோடு ஒட்டிவைத்து நின்றது. மிளகும் அப்படியே. இரண்டும் நடுங்குகிற நடுக்கத்தில் தகரம் மெல்லக் கடகடத்தது. ஓயாமல் குரைக்கிற மிளகிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ரோட்டில் வண்டிகள் போகிற இரைச்சல், பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற ஒலி, தெருவிளக்கு எரியத் தொடங்குகிற முணுமுணுப்பு எல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல இருக்க, இந்தப் பக்கம் மட்டும் ஒரு வாடை மெதுவாகப் பரவியது. நனைந்த துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பல காலம் கழித்துத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கல் வாடை. துவைத்த துணி இப்படியா நாறும் என்று முகம் சுளித்துத் திரும்பினாள்.

நாய்களின் தலைகள் அசைந்தன. இரண்டும் ஒன்றாக. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, இடமிருந்து வலமாக, நடந்துபோகிற ஆளைப் பார்ப்பதுபோல நிதானமாக. கொடிக்கு அந்தப் பக்கம் புல்லில் கனமான ஈரத்துணி இழுபடும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள்.

சத்தம் நின்றது.

காற்று இல்லை. கணவனின் சட்டை அசையாமல் தொங்கியது. நடுப்போர்வை மட்டும் அவள் பக்கமாக மெல்லப் புடைத்தது. ஈரத்துணி எதன்மேல் ஒட்டினாலும் அதன் வடிவைச் சொல்லிவிடும். இத்தனை வருஷம் அவள் சோறு தின்றது அதைப் பார்த்துத்தான். அவள் வேண்டாம் என்று நினைத்தபோதே கண் அளவெடுக்கத் தொடங்கிவிட்டது. கொடிக்குச் சற்றுக் கீழே ஒரு தோள். அதையடுத்துக் கழுத்து வர வேண்டும். இன்னொரு தோள் வந்தது. அதையடுத்தும் ஒரு தோள். கழுத்தே வரவில்லை.

அதற்கு அந்தப் பக்கம்தான் சமையலறைக் கதவு.

ரோட்டிலிருந்து எதிர்வீட்டு அக்காவின் குரல் உற்சாகமாக வந்தது. "என்னம்மா, இன்னைக்கு உங்க பசங்கள வாசல்ல காணோமே! வேலி நல்லா அமைஞ்சிடுச்சு போல!"

அவள் வாயைத் திறந்தாள். போர்வை குரல் வந்த திசைக்குத் திரும்பியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அக்காவின் வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இதுகள் ஊர் சுற்ற ஓடவில்லை. பொட்டுவும் ஓடவில்லை. தப்பித்திருக்கின்றன. அவள் பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறாள்.

ஓசைப்படாமல் பக்கக் கதவுக்கு நகர்ந்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை. மூலைக்கே திரும்பி, எம்பித் தகரத்தின் தலைப்பைப் பிடித்தாள். குழாய் உருண்டது. விழுந்தாள். மறுபடி எம்பினாள். மறுபடி உருண்டது.

இழுபடும் சத்தம் தொடங்கியது.

மிளகை வாரித் தூக்கினாள். அதன் நெஞ்சு அவள் நெஞ்சில் அடித்தது. கைகளை நீட்டி, பின்னங்கால்களைத் தாங்கி, பலமெல்லாம் கூட்டி மேலே தள்ளினாள். குழாய் உருண்டு அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. தொப்பென்று விழுந்தது. ஓடும் காலடி. ஒன்று பிழைத்தது. "ஓடுடா, லாரி பாத்து ஓடு" என்று உதட்டுக்குள் சொன்னாள்.

மூட்டையைத் தூக்க முடியவில்லை. இடுப்புவரை வந்தது. நழுவியது. மறுபடி. நழுவியது. "வா கண்ணு, வாடா." முடியவில்லை.

மண்டியிட்டுத் தோண்டினாள். மூட்டையும் பக்கத்தில் தோண்டியது. நகம் பிளந்தது. மண் கண்ணில் பறந்தது. வலை தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள். இரட்டை முடிச்சு. அவள் போட்டது.

வாடை நெருங்கியது.

தகரத்துக்கு வெளியே பிறாண்டும் சத்தம். வேகமாக. மூச்சிரைப்போடு. மிளகு. ஓடவில்லை அது. திரும்பி வந்து வெளியிலிருந்து தோண்டுகிறது. "போடா" என்று அழுதாள். "போயிடுடா."

மண் சரிந்தது. தெருவிளக்கு வெளிச்சம் குழிக்குள் ஒரு கீற்றாக விழுந்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஈரமான மூக்கு. அவள் விரலை நீட்டினாள். நாக்கு விரலை நக்கியது.

பக்கத்தில் மூட்டை தோண்டுவதை நிறுத்தியது. முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டது.

பின்னால் சத்தம் இல்லை. இழுபடுவது நின்றுவிட்டது. மிக அருகில் வந்து நின்றுவிட்டது.

அவள் திரும்பவில்லை. வலை வழியாக மிளகின் முகத்தை மட்டும் பார்த்தாள். வெளிச்சத்தில் அதன் ஒரு கண் தெரிந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது. நாக்கு நின்றது. காதுகள் பின்னால் மடிந்தன. கண் மெதுவாக உயர்ந்தது. அவள் தலைக்கு மேலே. இன்னும் மேலே.

இன்னும் மேலே.