சத்தியமங்கலத்து வர்ஷினி

1999 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை, உக்கடத்து ஜாஹிதா தன் மகள் நிலோஃபரை இழுத்துக்கொண்டு துப்பறியும் வரலட்சுமியின் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"இவ எட்டாவது படிக்கறாளுங்க. பிரௌசிங் சென்டர்ல, கம்ப்யூட்டர் அரட்டையில வர்ஷினின்னு ஒரு சிநேகிதி பிடிச்சிருக்கா. சத்தியமங்கலமாம், இவ வயசாம். நாளான்னிக்குப் போத்தனூர் ஸ்டேஷனுக்குத் தனியா வரோணுமாம். ஊட்டுல சொல்லக்கூடாதாம்! மனசு கேக்காம இவ சொல்லிப்போட்டா. நீங்கதான் யாருன்னு பாக்கோணுங்க."

"அவ நல்லவளுங்க," என்றாள் நிலோஃபர், கண் கலங்க.

உதவியாளர் பாலுசாமி ஓய்வு பெற்ற தபால்காரர். வழக்கு என்றாலே அவருக்கு இருப்புக்கொள்ளாது. "இப்பவே பஸ் ஏறட்டுங்களா? சத்தியில எனக்குத் தெரியாத தெரு இல்லீங்க."

"இருங்க." நிலோஃபர் ஆசையாக அச்செடுத்துச் சேர்த்திருந்த அரட்டைத் தாள்களை வரலட்சுமி நிதானமாகப் புரட்டினார். "எதுல வாரேன்னு சொன்னா, கண்ணு?"

"சத்தியிலிருந்து நேரா ரயில்லங்க."

"சத்தியில ரயிலே இல்லியே அம்மணி!" என்றார் பாலுசாமி. நிலோஃபரின் முகம் வாடியதும், வாயை அடக்கியிருக்கலாமே என்று நொந்துகொண்டார்.

வரலட்சுமி ஒரு வரியில் விரல் வைத்தார். "‘ஃபியூஸ் போட்டாச்சா?’ன்னு கேட்டிருக்கா. நீ சொன்னியா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோச்சு, ஓனர் ஃபியூஸ் போட்டுச் சரிபண்ணுனாரு. மறுபடி உட்கார்ந்ததும் அவ..." நிலோஃபர் சட்டென்று நிமிர்ந்தாள். "கரண்ட் போச்சான்னுதானே கேக்கோணும்? ஃபியூஸ்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ரூம்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். நீ போறப்பெல்லாம் அவ வருவாளா?"

"உடனே வந்துருவாளுங்க. நேரம் பேசி வெச்சதே இல்லை."

"அங்கே எந்நேரமும் இருக்கறது யாரு?"

நிலோஃபர் மெல்லச் சொன்னாள்: "ஓனர் சீனிவாசலு."

அன்று மாலை அதே சென்டரில், வரலட்சுமி வரவழைத்திருந்த ஓர் இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் வாசலருகே நின்றார். நிலோஃபர், ஒரு கையால் அம்மாவைப் பிடித்தபடி, ‘இருக்கியா?’ என்று தட்டினாள். பேனா கேட்பவர்போல் பாலுசாமி சீனிவாசலுவின் மேசைமேல் எட்டிப் பார்த்தார். அந்தத் திரையில் ‘வர்ஷினி’ பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆளு மாட்டிக்கிட்டான்!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

சீனிவாசலுவை ஜீப்பில் ஏற்றியதும் ஜாஹிதா மகளைக் கட்டிக்கொண்டாள். "புள்ளையைத் திட்டாதீங்க," என்றார் வரலட்சுமி. "சொல்லாதேன்னவுடனே ஊட்டுல வந்து சொன்னா பாருங்க, பாதி வழக்கு அங்கேயே முடிஞ்சுதுங்க."

அடுத்த வாரம் நிலோஃபரின் வகுப்பில் ஒரு விளையாட்டு. திரைக்குப் பின்னாலிருந்து சீட்டு எழுதுவது சிறுமிதானா என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். பாலுசாமி தானாகவே போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

‘என்ன படிக்கறே?’ என்று நிலோஃபர் எழுதி அனுப்பினாள்.

‘மூணாம் பாரம்.’

"எட்டாவதுக்கு அது அந்தக் காலத்துப் பேரு! தாத்தா, வெளியே வாங்க!" என்று வகுப்பே கத்தியது.

இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, பாலுசாமி சரணடைந்தார்.