பத்தொன்பது சேவலுக்குப் படம் வேண்டும்

கேப்டன் கொண்டையைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யாருமே இல்லை. அவர் டிவி கார்ட்டூனில் வரும் சேவல். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், எதற்கும் பயப்பட மாட்டார். டிவியில் வராத கதைகளை அவருக்காக நாங்களே எழுதுகிறோம். கோடை விடுமுறையில் எங்கள் நூலகத்தில் இதுதான் வேலை. சிலர் எழுதுவார்கள், சிலர் படம் வரைவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக்கி நூலக அலமாரியில் வைப்போம்.

இதற்கெல்லாம் பொறுப்பு நான்தான். என் பெயர் ஜெபஷீலா. ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறேன். தேனி கடைவீதியில் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் மெஷின் யாரிடம் இருக்கிறதோ, அவர்தானே பொறுப்பு?

சட்டமெல்லாம் பக்காவாகப் போட்டிருந்தேன். ஒவ்வொரு கதையையும் இரண்டே வரியில் சுருக்கிச் சீட்டில் எழுதி வைப்பேன். எழுதியவர் பெயர் இருக்காது. பெயர் தெரிந்தால் அவரவர் தோழியின் கதையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? வரைபவர்கள் பிடித்த சீட்டை எடுக்கலாம். படம் இல்லாத கதைக்குப் புத்தகத்தில் இடம் இல்லை.

இந்த வருடம் ஒன்பது கதைகள் வந்தன. வரைய வந்தவர்கள் நான்கே பேர். ஆளுக்கு இரண்டு எடுத்தும் ஒரு சீட்டு மேசையிலேயே கிடந்தது.

‘பத்தொன்பது சேவல்கள் கேப்டன் கொண்டையைச் சுற்றி வளைக்கின்றன. பெரிய சண்டை நடக்கிறது.’

“ஏலே ஜஸ்டின், இதையும் நீயே வரைஞ்சிரு,” என்றேன்.

“பத்தொன்பது சேவலுக்கு முப்பத்தெட்டுக் காலு. கேப்டனுக்கு ரெண்டு. மொத்தம் நாப்பது காலு! என் கையி என்ன மெஷினா?” என்றான் ஜஸ்டின்.

மற்ற மூன்று பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

அது பூமாரியின் கதை. அவள் அனுமந்தன்பட்டிக்காரி. விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறாள். அது யார் கதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“புத்தகம் வர்ற அன்னைக்கு எங்க அம்மா வாராக,” என்றாள் என்னிடம் மெதுவாக. “என் கதை வருதுன்னு சொல்லிப்புட்டேன்.”

எனக்குப் பாவமாக இருந்தது. நானே வரைந்துவிடலாம்தான். ஆனால் நான் வரைந்த சேவலைப் பார்த்து எங்கள் அம்மா, “கூஜா நல்லாருக்கே!” என்று சொன்னவர்.

அப்போதுதான் திரிஷாவின் ஞாபகம் வந்தது. போன வருடம் மூன்று கதைகளுக்கு வரைந்தவள் அவள். இந்த வருடம் ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா திராட்சை வியாபாரி. வீடு முழுவதும் அட்டைப்பெட்டிகள். ஒரு பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன் மேல் குனிந்து வரைந்துகொண்டிருந்தாள் திரிஷா.

“ஒரே ஒரு கதைக்கு வரைஞ்சு தா திரிஷா.”

“மாட்டேன்.”

“ஏன்?”

அவள் எழுந்துபோய் போன வருடப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“என் பேரு எங்கன இருக்கு, காமி.”

அட்டையைப் பார்த்தேன். ‘எழுதியவர்கள்’ என்று ஏழு பெயர்கள் இருந்தன. வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அதை டைப் செய்தது நான்தான்.

“அது வந்து, இடம் பத்தல.”

“அப்ப இது யாரு?”

அவள் விரல் வைத்த இடத்தில் ‘தொகுப்பு: ஜெ. ஜெபஷீலா’ என்று இருந்தது. மற்ற எல்லாப் பெயர்களையும்விடப் பெரிய எழுத்தில், சுற்றிலும் பூப்போட்டு.

என் முகம் சூடாகிவிட்டது.

“போன வருசம் வைகுண்டராஜ் அவன் கதைக்குக் கொண்டைய மட்டும் அஞ்சு தடவ அழிச்சு வரையச் சொன்னான்,” என்றாள் திரிஷா. “கடைசில நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

வரைய ஆள் இல்லை, ஆள் இல்லை என்று நான்கு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். இருந்த ஆளை விரட்டியதே நான்தான்! வெட்கமாகப் போய்விட்டது.

“தப்பு என் மேலதான் திரிஷா. அந்தப் புத்தகத்தோட எல்லாக் காப்பியிலயும் உங்க பேர ஒட்டிடுறேன். நீ வரைஞ்சாலும் சரி, வரையாட்டியும் சரி.”

அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். “சரி விடு. ஆனா இனிமே யாரும் சொல்லி நான் வரைய மாட்டேன். எனக்குத் தோணுறதத்தான் வரைவேன். இதைப் பாரு.”

தரையில் விரித்திருந்த அட்டையைக் காட்டினாள். பெரிய காற்றாலை. அதன் றெக்கை நுனியில் கேப்டன் கொண்டை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி ஒரு காதில் ஊசலாடியது. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். எதற்கும் பயப்படாத கேப்டன்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எப்போதும் கதைக்குத்தானே படம் வரைகிறோம்? படத்துக்குக் கதை எழுதினால் என்ன?

ஓடிப்போய்ப் பூமாரியைக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவள் முறுக்கிக்கொண்டே வந்தாள்.

“என் சேவலயெல்லாம் விட்டுட்டு நான் வேற கதை எழுத மாட்டேன்.”

ஆனால் படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். “இவர யாரு அம்புட்டு உசரத்துல தூக்கிப் போட்டது?”

“தெரியாது. வரைஞ்சேன், அம்புட்டுத்தான்,” என்றாள் திரிஷா.

பூமாரி பென்சிலைக் கடித்தாள். திடீரென்று துள்ளிக் குதித்தாள்.

“பத்தொன்பது சேவலும் ஒரே நேரத்துல றெக்கைய அடிக்குதுக! அந்தக் காத்துல பறந்துபோயி மாட்டிக்கிட்டாரு!”

“அப்ப சேவலெல்லாம் எங்கன?” என்று கேட்டாள் திரிஷா.

“கீழ தரையில. மேல இருந்து பாத்தா குட்டி குட்டியாத் தெரியும்.”

திரிஷா பேனாவை எடுத்துப் படத்தின் அடியில் பத்தொன்பது சிவப்புப் புள்ளிகள் வைத்தாள். ஒரு கால்கூட வரையவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அன்று மாலையே சட்டங்களை மாற்றினேன். கதைக்கும் படம் வரையலாம், படத்துக்கும் கதை எழுதலாம். வரைந்ததைத் திருத்தச் சொல்வதாக இருந்தால் ஒரே ஒரு தடவைதான். அட்டையில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவில் வரும். என் பெயர் பின்அட்டையின் மூலைக்குப் போனது, பூ இல்லாமல். கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது.

போன வருடப் புத்தகம் நூலகத்தில் ஆறு காப்பி இருந்தது. வரைந்த எல்லோர் பெயரையும் சீட்டில் டைப் செய்து ஒவ்வொன்றிலும் ஒட்டினேன்.

புத்தகம் வந்த அன்று பூமாரியின் அம்மா கஸ்தூரி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நூலகத்துக்கு வந்தார். பூமாரி புத்தகத்தைத் திறந்து, “மொதல்ல படத்தப் பாரும்மா. இவதான் வரைஞ்சா,” என்று திரிஷாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அவர் படத்தைப் பார்த்தார், சிரித்தார். பிறகு அட்டைக்குத் திரும்பி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “பூமாரி, திரிஷா. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீகளே!”

திரிஷாவுக்கு வாயெல்லாம் பல்.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில், அடுத்த வருடத்துக்கு ‘படம் வரைபவர்கள்’ என்று தலைப்பிட்ட வெள்ளைத் தாளை மேசையில் வைத்தேன். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டே பேனாவைத் தேடினேன். பேனா திரிஷாவின் கையில் இருந்தது. யாரும் கேட்காமலேயே முதல் வரியில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.