கயிற்றுக்கு இந்தப் பக்கம்

எல்லோரும் கரையோரமாகத்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஏரிக்குள் எல்லைக்காகக் கட்டியிருந்த கயிறு, ஆளே போகாத அந்தக் கோடியில், அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. கயிற்றில் கோத்திருந்த காலி பிளாஸ்டிக் கேன்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. அலையும் இல்லை, காற்றும் இல்லை. யாரோ அதன்மேல் சாய்ந்து களைப்பாறுவது போலிருக்கிறதே என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு, வந்த இடத்தில் இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கவனிக்க வேண்டியது வேறு இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தாள். கணவனின் மகள். மூத்த மனைவி நோயில் போய்ச் சேர்ந்த பிறகு இவள் அந்த வீட்டுக்குள் வந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்தில் சிறுமி முகம் சுளித்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதுகூட இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். விடுதியில் தங்க வந்த பிள்ளை மாதிரி அத்தனை மரியாதை. சாலையைக் கடக்கும்போது இவள் கையை நீட்டினால், சிறுமி தன் பள்ளிக்கூடப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை ஒரே ஒரு தடவை தானாக வந்து தன் கையைப் பிடிக்காதா என்பதுதான் இவளுடைய ஏக்கம். ஜெபத்தில்கூட அதைத்தான் கேட்டாள்.

சபையின் குடும்ப முகாமுக்கு மூன்று பேரும் வருவதாகத்தான் பேச்சு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கணவன், கடைசி நேரத்தில் டியூட்டி மாறிவிட்டது என்று இருவரையும் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நீங்கள் இரண்டு பேரும் பழகுங்கள், நடுவில் நான் எதற்கு என்று சிரித்தான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். முகாமில் எல்லோரும் அன்பானவர்கள், அதுதான் கஷ்டமே. பாட்டுக் குழு அக்காமார் இவள் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டே மூத்தவளின் குரல்வளத்தைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார்கள். இவளும் கூடச் சேர்ந்து தலையாட்டினாள், வேறென்ன செய்வது? சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பு, குடும்பம் குடும்பமாகப் போட்டோ. அத்தனை சிரிப்புக்கும் நடுவில், வீடு மாறி வந்த தபால் போல நின்றாள்.

ஏரிக்குக் காவல் பி.டி. மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், சபையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். தண்ணீரில் இறங்கும் முன்பே விதியைச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு ஜோடி, விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்ட வேண்டும், தனிக் கை தெரிந்தால் அவர் தேட இறங்கிவிடுவார். முதல் தடவை ஊதியபோது சிறுமி இவளுடைய சட்டைக் கையின் ஓரத்தைத்தான் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள்.

வெளிச்சம் மங்கி, பனி இறங்கத் தொடங்கியது. எதிர்க்கரை மரங்களை விழுங்கிவிட்டு, தண்ணீரைத் தடவிக்கொண்டே அது இந்தப் பக்கம் நகர்ந்து வர, கரையில் மூட்டிய நெருப்பின் புகையும், ஈரத் துண்டுகளின் வாடையும், காலடியில் கலங்கிய சேற்றின் அழுகல் நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தண்ணீருக்குள் ஒரு சின்னக் கை அவள் இடது கையைப் பிடித்தது.

முழுக் கையாலும் பிடித்தது. விரலோடு விரல் கோத்து. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் பிள்ளை வெட்கப்பட்டு உருவிக்கொண்டுவிடுவாள். கணவனிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்; ஒன்றுமே நடக்காதது போல, பேச்சோடு பேச்சாகச் சொல்ல வேண்டும். மெல்ல ஓர் அழுத்து அழுத்தினாள். பதிலுக்கு அதுவும் அழுத்தியது. ஒரு வருடத்துச் சந்தோஷம் மொத்தமும் அந்த உள்ளங்கைக்குள் இருந்தது.

பாட்டில் ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்கியது. முங்கி மூச்சுப் பிடிப்பதில் சிறுமி கெட்டிக்காரிதான், இவள் பார்த்திருக்கிறாள். அந்தச் சரணமும் முடிந்தது. தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

"போதும்டா கண்ணு, எந்திரி."

கை இறுகியது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. ரொம்பவே ஊறியிருந்தன. தோல் எலும்பின்மேல் நழுவியது.

விசில்.

ஜோடி ஜோடியாகக் கைகள் எழுந்தன. அவள் கையும் எழுந்தது. கனத்தது. மணிக்கட்டு வெளியே வந்தது. வெள்ளை வெளேரென்று. நகங்களுக்குள் சேறு.

கரையில், துண்டைப் போர்த்திக்கொண்டு, ஈரத் தலையோடு சிறுமி நின்றிருந்தாள்.

குளிரெடுத்து எப்போதோ ஏறியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை.

பனிக்குள் கோத்த கைகள் தெரிந்தன. மாஸ்டருக்கு அது போதும். எல்லாரும் சரி, ஏறுங்க என்று குரல் கொடுத்துவிட்டு நெருப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டார். குடும்பங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கரையேறின. அவள் கத்தினாள். பாட்டுக்குள் அது இன்னொரு குரலாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கை அவள் கையோடு மறுபடி தண்ணீருக்குள் இறங்கியது. உதறினாள். இழுத்தாள். விடவில்லை.

கயிற்றுக்கு அப்பால் பனிக்குள் ஏதோ அசைந்தது.

கைகள். சின்னக் கைகள். தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நின்றன. ஒன்று. இன்னொன்று. அதற்குப் பின்னாலும். எல்லாமே தனிக் கைகள். விசிலுக்குக் கட்டுப்பட்டு, ஜோடிக்காகக் காத்துக்கொண்டு.

கரையிலிருந்த சிறுமிக்கு என்ன தெரிந்ததோ. எல்லோரும் ஏறிவிட்ட தண்ணீரில் ஒருத்தி மட்டும் தனியாக நிற்பது தெரிந்திருக்கும். துண்டு நழுவியது. சிறுமி தண்ணீரில் கால் வைத்தாள்.

"தனியா நிக்காதீங்க. நான் வந்து புடிச்சுக்கிறேன்."

"வராத! ஐயோ, வராத!"

சிறுமி நிற்கவில்லை. அப்பாவின் பிடிவாதம். முழங்கால் தண்ணீர். இடுப்பளவு. வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தாள்.

அப்பால் நின்ற கைகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், தண்ணீருக்குள் இறங்கின. மெல்லிய வரி வரியான அலைகள் கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன.

அவளைப் பிடித்திருந்த கை, விட்டுவிட்டது.