மார்க்கக் கல்யாணத் தையல்

"ஏட்டி ஃபரீதா! சாத்துக்குடிய அடியில வையி, ஆப்பிள மேல வையி. பொண்ணு கேக்கப் போற தாம்பாளம், பாக்க லெச்சணமா இருக்க வேணாமா?"

மாமியார் ரஹ்மத் பீவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி கூடத்தில் நின்று அதிகாரம் செய்தாள். யாருக்குப் பெண் கேட்கப் போகிறாள் தெரியுமா? ஃபரீதாவின் புருஷனுக்கு! அந்தத் தாம்பாளத்தை ஃபரீதாவே அடுக்கிக் கொடுக்க வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம்!

"மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கெளம்புறேன். அல்லா பிச்சை அண்ணன் முக்கால்வாசி சம்மதிச்சாச்சு. அவரு மக சப்ரீன் இந்த வீட்டுக்கு வந்தா அடுத்த நோம்புக்குள்ள என் மடியில பேரப்புள்ள. ஒன்னைய ஒண்ணும் வெரட்டல. நீயும் ஒரு மூலையில இருந்துக்க. சோத்துக்கு என்ன கொறச்சல்?"

ஃபரீதாவின் கை பழத்தை எடுத்து எடுத்து வைத்தது. அறைக்குள் ஃபயாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா பேசியது அட்சரம் விடாமல் அவன் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் வாய் திறந்தானா? இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் டெஸ்ட் எடுத்தபோது ஃபயாஸின் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவன் ஃபரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே... அவளால் தாங்க முடியவில்லை. "வெளிய சொல்லிராத. சத்திரப்பட்டித் தறியில இருந்து பேண்டேஜ் துணி எடுத்து ஊர் ஊரா ஆஸ்பத்திரிக்கு நான்தான் சப்ளை. நர்சுல இருந்து மருந்துக்கடைக்காரன் வரைக்கும் என்னையத் தெரியும். ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் நான் செத்தேன்" என்றான். அவள்தான் மாமியாரிடம் போய், தன் கர்ப்பப்பையில் கோளாறு என்று சொன்னாள். அன்றிலிருந்து ராஜபாளையத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவள் காதுபடவே ஒரு பேச்சு. அத்தனையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தாம்பாளம்... இதை எப்படிப் பொறுப்பது?

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மச்சான், மதுரைல ஸ்கேனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்னு எத்தன நாளா கெஞ்சுறேன். இன்னைக்கி வாரியளா, இல்ல நான் கூடத்துல போயி எல்லாத்தையும் போட்டு ஒடைக்கவா?"

ஃபயாஸுக்கு முகம் செத்துப்போனது. அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

"வாரேன்... சத்தம் போடாத, வாரேன்."

மதுரையில் அந்த ஸ்கேன் சென்டரின் வாசலிலேயே ஒரு சோதனை. கதவுப் பக்கம் நின்ற ஆள் ஃபயாஸைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். முன்பு வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவனாம்.

"என்ன பாய், இங்கயும் துணி சப்ளையா?"

"இல்லண்ணே... வீட்டம்மாவுக்கு ஒரு ஸ்கேனு" என்றான் ஃபயாஸ். பக்கத்தில் நின்ற ஃபரீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே வந்துமா! ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். ஃபயாஸைப் படுக்க வைத்து, அடிவயிற்றின் கீழே ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதேதோ ஓடியது. ஃபரீதா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதை ரெண்டும் நல்ல அளவுல இருக்கு. அதுக்குப் பின்னால இருக்கிற குழாய்தான் வீங்கி நிக்குது. உள்ள உற்பத்தி நடக்குது, வெளிய வர்ற வழி அடைச்சிருக்குன்னு தோணுது. சின்ன வயசுல ஏதாவது ஆப்ரேஷன் பண்ணினாங்களா தம்பி?"

"இல்லையே டாக்டர்."

"அப்ப இந்தத் தையல் தழும்பு? ரெண்டு தொடை இடுக்குலயும் இருக்கே?"

"அது மார்க்கக் கல்யாணத்துல போட்டது சார். அஞ்சு வயசுல எனக்கு சுன்னத்து பண்ணினாங்கள்ல, அப்ப."

டாக்டர் கருவியை எடுத்து வைத்துவிட்டு அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "சுன்னத்துக்கு இந்த இடத்துல யாருப்பா கத்தி வைப்பாங்க? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. குடலிறக்கத்துக்கு ஆப்ரேஷன் பண்ணியிருந்தா, குழந்தைக்கு நூல் மாதிரி இருக்கிற அந்தக் குழாய் தையல்ல மாட்டியிருக்கலாம். அப்படின்னா மயக்கம் கொடுத்து ஊசியில உறிஞ்சிப் பார்த்தா உயிரணு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வேற காரணம்னா சொல்றதுக்கில்ல."

இத்தனை வருஷமாக அவள் பக்கத்தில் படுத்த உடம்பில் இருந்த தழும்பு! சுன்னத்துத் தழும்பென்று அவன் நம்பினான், அவன் சொன்னதை இவளும் நம்பினாள். விவரம் தெரிந்த அவனைப் பெற்ற அத்தா மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ப் பல வருஷம் ஆயிற்று. இனி கேட்க வேண்டுமென்றால் ரஹ்மத் பீவி ஒருத்திதான்.

காரில் வரும் வழியெல்லாம் ஃபயாஸுக்கு அதே யோசனை. அம்மாவிடம் தழும்பைப் பற்றிக் கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பாள். அதற்கு என்ன சொல்வது? ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை வந்ததும் ஃபரீதாவே, "மாமா வீட்டுக்கு வண்டிய விடுங்க" என்றாள்.

அல்லா பிச்சை வீட்டு நடுக்கூடத்தில் காலையில் அவள் அடுக்கிய தாம்பாளம் இருந்தது. "அவ கர்ப்பப்பை காஞ்சு போச்சுண்ணே. எம்புட்டு வைத்தியம் பார்த்தோம்! அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்று ரஹ்மத் பீவி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இருவரும் வாசலில் நுழைந்தார்கள்.

"ஏலே, நீங்க எங்க இங்க?"

"அம்மா... ஒண்ணு கேக்கணும். செத்த உள்ள வாயேன்."

"என்ன ரகசியம்? மாமா முன்னாலயே கேளு."

ஃபயாஸ் ஃபரீதாவைப் பார்த்தான். வழக்கம்போல அவளே ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட மாட்டாளா என்கிற பார்வை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு அவன் பேசட்டும்! பேசாவிட்டால் இந்த வாழ்க்கை இத்தோடு சரி.

"கொறை... கொறை அவகிட்ட இல்லம்மா" என்றான் ஃபயாஸ். "எங்கிட்டதான். நாலு வருஷமா எனக்காவ அவ பொய் சொன்னா."

"பொண்டாட்டியக் காப்பாத்தப் பேசுறியால?"

"அல்லா மேல ஆணையா சொல்றேன். இப்பதான் ஸ்கேன் எடுத்துட்டு வாரோம். என் தொடை இடுக்குல ரெண்டு பக்கமும் தையல் இருக்கே, அது என்ன தையல்ம்மா?"

ரஹ்மத் பீவியின் கை தாம்பாளத்தின் மேல் அப்படியே நின்றது. பிறகு சுவரில் சாய்ந்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"குடலிறக்கம்... ரெண்டு பக்கமும். ஒனக்கு அழும்போதெல்லாம் அடியில பொடச்சிக்கிட்டு வரும். டாக்டரு ஆப்ரேஷன் பண்ணணும்னாரு. அதே மயக்கத்துல சுன்னத்தையும் வச்சுரச் சொன்னோம். ஊருக்கு மார்க்கக் கல்யாணம்னு மட்டும் சொல்லி, மாலை போட்டு, பிரியாணி ஆக்கிப் போட்டோம்..."

"எங்கிட்டகூடச் சொல்லலையே ரஹ்மத்து!" என்றார் அல்லா பிச்சை.

"எப்புடிண்ணே சொல்லுவேன்? எம் மாமியா அப்ப உசுரோட இருந்தாவ. கொறையோட புள்ள பெத்துட்டான்னு என்னைய இருக்க விட்டிருப்பாவளா? நாளைக்கி இவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா? அந்தப் பயத்துல வாயப் பொத்துனேன்... அது இவன் வம்சத்தையே கட்டிப் போடும்னு நான் கண்டனா! யா அல்லா!" மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதம்மா. அந்த ஆப்ரேஷன்தான் காரணம்னா ஊசியில எடுக்க வழி இருக்குன்னு டாக்டரு சொன்னாரு" என்றான் ஃபயாஸ்.

கேட்டதும் ரஹ்மத் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து ஃபரீதாவின் தாடையைத் தொட்டாள். "கேட்டியா ஆத்தா! போயி வைத்தியத்தப் பாருங்க. ஆனா... விஷயம் இந்த வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். வெளிய ஒம் பேருலயே இருந்துட்டுப் போவட்டுமே. ஒனக்குத்தான் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சே... இவன் ஆம்பள, நாலு எடத்துக்குப் போற வார பய..."

ஃபரீதா புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பழகிப்போச்சா?" என்றாள். "மாமி, ஒரு நாளு சோறு எறங்கியிருக்குமா எனக்கு? ஒங்களுக்கு வந்துரக் கூடாதுன்னு பயந்தியளே, அந்தப் பேர என் தலையில வச்சிட்டியளே! ஒங்க மவனுக்கு வைத்தியம் பாக்கற அன்னைக்கி நான் கட்டாயம் வருவேன். அவிய என் புருஷன். ஆனா இந்தப் பேரோட ஒங்க வீட்டுக்கு வர மாட்டேன்."

அல்லா பிச்சை எழுந்தார். "இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது ரஹ்மத்து. தாம்பாளத்த எடுத்துக்க. ஃபரீதா, வாம்மா, நான் கொண்டுபோயி விடுறேன்." அன்று சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது ஃபரீதா மம்சாபுரத்தில் தன் தாய் வீட்டு வாசலில் இறங்கினாள்.

வைத்திய நாள் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஃபயாஸை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது அவன் ஃபரீதாவின் கையைப் பிடித்து, "ஒண்ணும் கெடைக்கலைன்னா?" என்றான். "மொதல்ல போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

வெளியே மாமியும் மருமகளும் எதிர் எதிர் நாற்காலியில். ரஹ்மத் பீவி தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள், ஆனால் கண் மருமகள் மேலேயே இருந்தது. அப்போது அவள் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி. அவள் காதில் ஒன்று விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ரஹ்மத் பீவிக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"என்ன பாயம்மா, மதுரைக்குப் போயிருக்கியளாமே? ஃபரீதாவுக்குத்தான் ஆப்ரேஷனா? பாவம், அந்தப் புள்ளைக்கு இன்னும் அது சரியாவலயா?"

ஃபரீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரஹ்மத் பீவியின் விரல் தஸ்பீஹ் மணியில் நின்றது. என்ன சொல்லப் போகிறாள்? ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்...

"இல்ல காளீஸ்வரி" என்றாள். வராண்டாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். "எம் மவனுக்குத்தான் வைத்தியம். கொறை எம் மவனுக்குத்தான், அதுக்கும் காரணம் நான்தான். எம் மருமவளுக்கு ஒரு கொறையும் கெடையாது. நாலு வருஷமா அவள அநியாயமாப் பேசுனேன். நீயும் நாலு பேருகிட்ட சொல்லு... நல்லாச் சொல்லு!"

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். உள்ளே என்ன ஆகுமோ, கிடைக்குமோ கிடைக்காதோ, எதுவும் தெரியாத நேரத்தில் மாமி இதைச் சொல்லிவிட்டாளே! ஃபரீதாவுக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து போய், "மாமி... அழாதிய மாமி" என்று கட்டிக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிரு ஆத்தா... வீட்டுக்கு வந்துரு ஆத்தா..."

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஃபயாஸ் கூட வந்தது யாரு?" என்றாள். இத்தனை வருஷமும் முந்திக்கொண்டு ஓடிய ரஹ்மத் பீவி இப்போது மருமகளை முன்னால் தள்ளினாள்.

"இவதான். என்ன ஏதுன்னாலும் இவகிட்டயே சொல்லுங்கம்மா."

"கிடைச்சிருச்சும்மா" என்று நர்ஸ் சிரித்தாள். "லேப்ல பார்த்துட்டாங்க, உயிரோட ஓடுது. உறைய வச்சு வச்சிருக்கச் சொல்லியாச்சு. அடுத்து உங்க கருமுட்டைய எடுக்க எப்ப வைத்தியம் ஆரம்பிக்கலாம்னு டாக்டர் பேசணுமாம், வாங்க."

"வாரேன்" என்றாள் ஃபரீதா. கண்ணீர் வழிந்து கொண்டேயிருந்தது. அவள் மாமியின் கையை விடவில்லை. அழைத்துக்கொண்டே உள்ளே போனாள்.