முள் அசையாத செவிலி

இப்போது என் கையில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாழ்நாளில் நான் பொய் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு சுறாவின் நீளத்தைப் பற்றி. அந்தச் சுறா அதை மறுக்கவில்லை.

எங்கள் மிதவை மருத்துவமனையில் காலை ஆறரைக்குச் செவிலி வருவார். வார்டு வாசலில் உள்ள, பாசத்தை அளக்கும் பற்றுமானியில் மணிக்கட்டை வைப்பார். திரையில் நோயாளியின் முகம் தெரியும். முள் அசையாவிட்டால் கதவு திறக்கும். அசைந்தால் அடுத்த படகில் கரைக்கு அனுப்பிவிடுவார்கள்; பிறகு எந்த மருத்துவமனையிலும் வேலை கிடையாது. நோயாளிக்கு மானி இல்லை. இங்கே படுத்திருப்பவன் யார்மேல் வேண்டுமானாலும் பற்று வைக்கலாம், அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

காரணம் உண்டு. நெடுஞ்சுரம் என்னும் தொற்றுக்காய்ச்சல் கண்டவர்களைத் தூத்துக்குடிக்கு எட்டுக் கடல் மைல் தள்ளி நிற்கும் இந்த மிதவையில் ஏற்றிவிடுவார்கள். ஏறியவர் இறங்குவதில்லை. பார்க்க யாரும் வரக்கூடாது. பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும் சுற்றுச்செவிலிகள் மட்டும் வரலாம். தொடக்கத்தில் சில செவிலிகள் தங்கள் அப்பாவையும் அண்ணனையும் அழுக்குத்துணி மூட்டைக்குள் வைத்துக் கரைக்குக் கடத்திவிட்டார்கள். காய்ச்சலும் கூடவே போயிற்று. ரேஷன் அட்டையை வைத்து உறவைப் பிடிக்கப் பார்த்த அரசு, நாத்தனார்கள் சிலரைச் சோதித்த கையோடு அட்டையைத் தூக்கி எறிந்தது. உறவு இருந்தது, முள் அசையவில்லை. அன்றிலிருந்து முள் சொல்வதுதான் சட்டம்.

எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர் பொனிபாஸ், விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். அவருடைய ஒரே மகள் செலஸ்டின் ஒரு சுற்றுச்செவிலி. அப்பாவை இங்கே ஏற்றிய பிறகு அவள் இரண்டு வருடம் வேறெந்த வேலைக்கும் போகவில்லை. வேலைப்பலகையில் கிரீன்லாந்து கூப்பிட்டது. நிலவிலிருந்து, குடும்பத்தோடு வரலாம் என்று கூப்பிட்டார்கள். அவளோ பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, நாடி ஏறுவது நிற்கும்வரை அப்பாவின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மாதம் மட்டும் மூன்று மானிகளை மாற்ற வேண்டியிருந்ததாம். அவளோடு படித்த ஒரு செவிலி முன்பே இங்கே வந்து சொன்னது இது.

ஒரு திங்கட்கிழமை கதவு திறந்தது. செலஸ்டின் வந்து, அப்பாவைக் கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நாப்பத்திரெண்டு, தூங்குனீங்களா?"

"தூங்குனேன் சிஸ்டர்."

"வெளிக்குப் போனீங்களா?"

"போச்சு சிஸ்டர்."

இரண்டு வருடம் கழித்து, பெற்ற மகளோடு அவர் பேசிய பேச்சு இவ்வளவுதான்.

பன்னிரண்டு வாரம் இப்படியே ஓடியது. அவள் கை வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் எல்லாச் செவிலிகளின் கையும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பொனிபாசுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நடிக்கிறாளா, நிஜமாகவே வற்றிவிட்டதா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் கதவு அவளுக்கு மறுபடி திறக்காது.

பதின்மூன்றாவது வாரம், அவளுக்குப் பணி நீட்டிப்புக் கொடுக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். கைமானியை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டு, பொனிபாஸ் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, இந்த சிஸ்டர்ட்ட ஏதாவது பேசுங்க பாப்போம்."

"என்னத்த பேச?"

"எதையாவது. ஒரு கத சொல்லுங்களேன்."

அவருக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த கதை. சொன்னார்.

"நம்ம போட்டு எஞ்சினுக்குள்ள ஒரு நண்டு குடித்தனம் இருந்திச்சு. டீசலக் குடிச்சுக் குடிச்சு அதுக்கு மூக்கு வழியா புகை வந்துட்டு. பொண்டாட்டி நண்டு, வீட்டுக்குள்ள பீடி குடிக்காதியும்னு வெரட்டிவிட்டுட்டு."

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செலஸ்டின் குறிப்பேட்டில், 'பேச்சு தெளிவாக உள்ளது' என்று எழுதினாள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மானியைப் பார்த்தார். சுழியம். இன்னும் பதின்மூன்று வாரம் கொடுத்தார்.

"கைய மடக்காதீங்க, நாப்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

மதியம் பொனிபாஸ் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அண்ணாச்சி, நீரு முள்ளப் பாத்தீரா?"

"பாத்தேன்."

"அசைஞ்சிச்சா?"

"பொண்டாட்டி நண்டு வெரட்டுச்சு பாரும், அந்த எடத்துல. ஒரு மயிரிழை. அவரு சிரிச்சிட்டு இருந்தாரு, கவனிக்கல."

"நெசமாவா?"

"நான் எதுக்குவே பொய் சொல்லுதேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வார்டில் இருப்பது ஒரே ஒரு கட்டில். அதன் எண் நாற்பத்திரண்டு.