காலை நீட்டிய அம்மன்

அம்மனின் குதிகாலில் வெடிப்பு இருந்தது. கல்லில் விழும் விரிசல் மாதிரி இல்லை. நாளெல்லாம் ஈரத்தரையில் நின்று வேலை செய்யும் பெண்களின் பாதத்தில் அழுக்கேறி ஓடுமே, அந்த மாதிரி வெடிப்பு. நர்ஸ் குனிந்து மறுபடி பார்த்தாள். ஆஸ்பத்திரியில் விடியவிடிய வேலை, வீட்டுக்கு வந்ததும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்குத் துணி மாற்றல், மகளுக்குத் தலைவாரல், உடனே கணவனோடு காரில் இந்தக் காட்டுப் பயணம். கண் ஏதேதோ காட்டும்தான்.

"காலை நீட்டி உக்காந்திருக்கிற அம்மனை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள் பூசாரியிடம்.

"விறகு பொறுக்க வந்த பொண்ணும்மா இவ" என்றார் அவர், விளக்குத் திரியைத் தூண்டியபடி. "வீட்டுல இடுப்பொடியற வேலை. 'செத்த உக்காந்துட்டு வர்றேன், நீங்க போங்க'ன்னு கூட வந்தவங்ககிட்ட சொல்லிட்டு இங்க உக்காந்திருக்கா. திரும்பி வந்து கூப்பிட்டா எழுந்திரிக்கலை. கல்லாயிட்டா. நகர்த்த முடியாம அவளைச் சுத்தியே கோயிலைக் கட்டிட்டாங்க."

"கொடுத்து வெச்சவ. உக்காரவாவது விட்டாங்களே!"

கணவன் சிரித்துவிட்டான். பூசாரி சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்கம்மா."

வேண்டுதல் கணவனுடையது, அவன் அம்மா எழுந்து நடமாட வேண்டும். அபிஷேகத் தண்ணீரை வேண்டிக்கொண்டவரே சுனையில் மொண்டு வர வேண்டுமாம். குடத்தோடு அவனும் வழிகாட்டப் பூசாரியும் மரங்களுக்குள் இறங்கினார்கள். "நீ உக்காரு, வந்துடறோம்" என்றான்.

கருவறைக்கு நேர் எதிரே இருந்த தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாலை வெயில் இலைகளின் ஊடே வடிந்து படிக்கட்டோடு நின்றுவிட, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. அதற்கும் அடியில், வேலை முடித்து வந்த பெண்ணின் வியர்வை வாடை, ஈரம் காயாத கூந்தலின் வாடை. தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டாள். தரை இதமாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி. காலை நீட்டினாள். எத்தனை காலத்துக்குப் பிறகு இப்படி ஓர் உட்காரல்! சில்வண்டுகளின் இரைச்சல் ஒரேயடியாக நின்றதுகூட அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கண் சொருகியது.

மூட்டு சொடுக்கும் சத்தம் கேட்டது.

வெகுநேரம் உட்கார்ந்தவர் எழும்போது கேட்கும் சத்தம். கூடவே ஒரு பெருமூச்சு.

கண்ணைத் திறந்தாள். எதிரே தூண். தூணருகே அவளுடைய புடவை, அவளுடைய கைப்பை. அவளுடைய முகம்.

அந்த முகம் சோம்பல் முறித்தது.

எழ முயன்றாள். கால் வரவில்லை. கை. விரல். ஒன்றும் வரவில்லை. தோள்மேல் பூமாலை கனத்தது.

பேச்சுக்குரல்கள் நெருங்கின. கணவன் குடத்தோடு படியேறி வந்தான்.

'என்னங்க!' என்று கத்தினாள். உதடு அசையவில்லை.

"தூங்கிட்டியா?" என்று அவன் கேட்டான், தூண் பக்கம் திரும்பி.

"நல்ல தூக்கம்" என்றாள் அங்கிருந்தவள். அவளுடைய குரலேதான். "அலுப்பெல்லாம் போயிடுச்சு. சீக்கிரம் ஊத்துங்க, பாப்பா தேடுவா."

அவன் கண்ணைப் பக்தியோடு மூடிக்கொண்டு தண்ணீரை அவள் தலையில் ஊற்றினான். சில்லிட்டது. திறந்த கண்களுக்குள் இறங்கியது. இமை மூடவில்லை. பக்கத்தில் நின்றவள் கைகூப்பி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசாரி மாத்திரம் அந்தக் கண்களை ஏறிட்டுப் பார்க்காமல் கதவைச் சாத்தினார்.

கீழே கார் கிளம்பும் சத்தம். பிறகு இருட்டு.

கன்னத்தில் ஓர் எறும்பு ஏறியது. மெதுவாக. ஈரமான விழியின்மேல் கால் வைத்து, நடக்கத் தொடங்கியது.